பதினைந்து நிமிடம்

எங்கள் பீர் ஆலையின் பூனைக்கு மூன்று பெயர்.
நான்காம் கலனுக்கு மாமியார் என்று பெயர்,
வால்வைத் தொட்டாலே சீறும்.
வால்டிவியாவின் மழைக்கு மட்டும்
திங்கள் ஒன்று, வெள்ளி ஒன்று என
ஆளுக்கொரு வசவு வைத்திருக்கிறோம்.

ஜன்னல் திட்டில் நின்ற புட்டிக்குத்தான்
பெயரில்லை.
ஆரஞ்சு பானம் விற்ற புட்டி.
உள்ளே நிறமற்ற ஏதோ, முக்கால் அளவு.

எண்பது டிகிரிக் கழுவலை முடித்துவிட்டு
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கையுறை கழற்றி,
தாகத்தோடு வந்தான் ரோசமெல்.
நானும் அவனும் பேசி மூன்று மாதம்.

காரணம் சின்னது.
கிறிஸ்துமஸ் பெட்டிகளுக்கு இடம் வேண்டுமென்று
அமிலக் கேன்களை நகர்த்திக் கொண்டுபோய்
காஸ்டிக் சோடாவின் பக்கத்தில், ஒரே தட்டில்,
தோளோடு தோள் நிறுத்தியிருந்தான்.
"ரெண்டும் மூடித்தானே இருக்கு."
மூடியை நம்பி யாராவது தூங்குவார்களா என்றேன்.
பிறகு நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.
அவன் அம்மா வரை போய்விட்டது அது.

ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் பிரித்து வைத்தேன்.
அமிலம் வடக்குச் சுவர், காரம் தெற்கு,
கசிந்தால் தாங்க ஆளுக்கொரு தொட்டி,
நடுவில் மூன்று மீட்டர் வெறுந்தரை.
அன்றிலிருந்து நாங்களும் அப்படியே.

மூடியில் விரல் வைத்தான்.
திருகவில்லை.
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தேய்த்துப் பார்த்தான்.
"என்ன இது, வழவழங்குது?"
காற்றைப் பார்த்துத்தான் கேட்டான்.

அந்த வழவழப்பு எனக்குத் தெரியும்.
தோலின் கொழுப்பை எடுத்து
அங்கேயே சோப்பு காய்ச்சும் காரம்.
முதலில் பட்டுப்போல இருக்கும்.
வலி பிறகு வரும்,
வீடு விசாரித்துக்கொண்டு வரும் கடன்காரன் மாதிரி.

நடந்தேனா பறந்தேனா தெரியாது.
மூன்று மீட்டரும் போன இடம் தெரியவில்லை.
மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்
குழாயின் கீழ் வைத்தபோது
அவன் தொப்பி வழியில் எங்கோ விழுந்திருந்தது.
"பதினஞ்சு நிமிஷம். கைய எடுத்தா ஒடச்சிடுவேன்."

ஜூலை மாதத் தண்ணீர், ஆற்றிலிருந்து வந்த குளிர்.
முதல் நான்கு நிமிடம்
சுவர்க் கடிகாரத்தைப் படித்தோம்.
மீன் சந்தைப் பக்கம்
கடல் சிங்கங்கள் எதற்கோ சண்டை போட்டன.

"நான்தான் புடிச்சு வச்சேன்" என்றான் ஆறாவதில்.
"வீட்டுல சாக்கடை அடைச்சிருந்துச்சு.
எடுத்துட்டுப் போக மறந்துட்டேன்."

"புட்டி?"

"அந்தோனெல்லாவோடது."

அவளுக்கு ஆறு வயது.
பள்ளிவிட்டு வந்ததும் முதலில்
அடுக்களையில் ஆரஞ்சு தேடுபவள்.
நல்லவேளை மறந்தாய் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவன் முகத்தைப் பார்த்து
குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

பூனை திட்டில் ஏறிப் புட்டியை மோந்தது.
இருவரும் ஒரே குரலில் கத்தியதில்
இரண்டு நாள் அது வரவில்லை.

பன்னிரண்டாம் நிமிடம்:
"அம்மா உன்ன விசாரிச்சாங்க, மிர்தா."

"என்னன்னு?"

"ஏன் வீட்டுப் பக்கமே காணோம்னு."

"அன்னிக்கு நான் சொன்னது..."

"அதெல்லாம் நான் சொல்லல அவங்ககிட்ட."

பதினைந்து ஆனது. விரல்கள் வெளுத்துச் சுருங்கி
யாரோ வயதானவரின் விரல்கள்போல இருந்தன.
தேய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.
"இன்னும் வழுக்குதா பாரு. எனக்கு ஒண்ணும் தெரியல, மரத்துப்போச்சு."

நானும் தொட்டுப் பார்த்தேன்.
தோல், தோலாகத்தான் இருந்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம் வை" என்றேன்.